இருபது பேர், ஒரு வருடம், ஒரு பஸ்: மாணவர் அமைப்பு எந்த வழியில் இறங்குவது?

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். நான் படித்த ஊரில், வேறொரு கல்லூரியில், இரண்டாம் ஆண்டு. “அக்கா, இருபது பேர் சேர்ந்துட்டோம். என்ன பண்றதுன்னுதான் நாலு நாளா சண்டை” என்றான்.

சண்டையை விவரமாகக் கேட்டேன். ஒருவன் கல்லூரி கேட் முன்னால் உண்ணாவிரதம் உட்காரலாம் என்கிறான். ஒரு பெண், சுற்றியிருக்கிற கிராமங்களில் வீடு வீடாகப் போக வேண்டும் என்கிறாள். இன்னொருவனுக்கு எல்லாரும் முதலில் உட்கார்ந்து படித்தாக வேண்டும். ஞாயிறுதோறும் வாசிப்பு வட்டம். நாலாவது கோஷ்டி, “ஒரு ரீல் போட்டா லட்சம் பேர் பார்ப்பாங்க, எதுக்கு வெயில்ல அலையணும்” என்கிறது.

சரி, பிரச்சினை என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினான். கல்விக் கொள்கை, கட்டணம், சாதி எல்லாம் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நிஜமாகவே எல்லாரையும் கடுப்பேற்றுவது பஸ். கிழக்கே போகும் கிராமங்களுக்கு மாலை 4.40-க்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டால் ஏழேகால். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் என்பதால் அந்த 4.40-ல் ஏறுவதே ஒரு மல்யுத்தம். நூலகத்தில் உட்கார முடியாது, லேப் பத்து நிமிடம் நீண்டால் வயிற்றில் புளி கரைகிறது. “ஆனா அக்கா, புரட்சிகர அமைப்புன்னு பேரு வச்சிட்டு பஸ் விடுங்கன்னு கேட்டா சிரிக்க மாட்டாங்களா?”

சிரிப்பார்கள். 1964-ல் அமெரிக்காவிலும் இப்படித்தான் சிரித்தார்கள். ‘ஜனநாயகச் சமுதாயத்துக்கான மாணவர்கள்’ என்ற அமைப்பு (எஸ்.டி.எஸ். என்பார்கள்) வடக்கு நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளுக்குத் தன் ஆட்களை அனுப்பியது. சிகாகோவில் போன குழுவுக்கு ‘வேலை அல்லது வருமானம், இப்போதே’ என்று பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘சேர்’ என்று பொருள் வரும். போன இடங்களில் மக்கள் பேசியதோ குப்பை அள்ளாததைப் பற்றி, தெருமுனையில் சிக்னல் விளக்கு இல்லாததைப் பற்றி. தலைமையில் இருந்த சிலர், ‘குப்பை அகற்றல் அல்லது வருமானம், இப்போதே’ என்று மாற்றிவிடலாமே என்று கிண்டலடித்தார்கள். இதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் தொடையிடுக்கைக் குறிக்கும் சொல் வரும். நியூ ஜெர்சியின் நியூவர்க்கில், அமைப்பின் தலைவர்களில் ஒருவரான டாம் ஹேடன் இருந்த குழு உண்மையாகவே ஒரு சிக்னல் விளக்குக்காகப் போராடியது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றப் புறப்பட்டவர்கள் அவர்கள்.

அந்தக் கிண்டல் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. சிக்னல் விளக்கு கிடைத்துவிட்டால் அப்புறம் என்ன என்ற கேள்விக்கு நியூவர்க்கில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. ஆனாலும் தம்பியிடம் பஸ்ஸையே எடுக்கச் சொன்னேன். எந்த வழியில் எடுப்பது என்பதுதான் மிச்சக் கதை. அவனுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உட்கார்ந்துவிடுவது

உண்ணாவிரதம், உள்ளிருப்பு, மறியல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறேன். நாலு பேர் துணிந்தால் நடந்துவிடும் என்பதுதான் இதன் கவர்ச்சி. அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் கிரீன்ஸ்பரோ.

1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் அந்த ஊரில் நான்கு கறுப்பின முதலாண்டு மாணவர்கள் வூல்வொர்த் கடைக்குள் போனார்கள். முதலில் பற்பசை மாதிரி சில்லறைச் சாமான் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். அப்புறம், வெள்ளையர் மட்டும் உட்காரலாம் என்றிருந்த சாப்பாட்டு கவுண்டரில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். அந்தக் கவுண்டரில் எங்கள் காசு செல்லும், இந்தக் கவுண்டரில் செல்லாதா என்பதுதான் கேள்வி. இரட்டைக் குவளை வைத்த டீக்கடையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சில வாரங்களில் தெற்கு மாநிலங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிவிட்டது.

கேட்கும்போது தீக்குச்சி கிழித்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் கடை இறங்கிவந்தது ஜூலை 25-ல். ஏறக்குறைய ஆறு மாதம். நடுவில் கோடை விடுமுறை விட்டு மாணவர்கள் ஊருக்குப் போனபோது, உள்ளூர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அந்த நாற்காலிகளைக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் போஸ்டரில் போடுவதில்லை.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம் இன்னும் பொருத்தமான பாடம். அங்கே ஜேம்ஸ் லாசன் என்றொருவர் இருந்தார். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்துக்குப் போக மறுத்துச் சிறை போனவர். அப்புறம் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே காந்தியின் வழிமுறைகளைப் படித்துவிட்டு 1956-ல் ஊர் திரும்பியவர். அவர் மாணவர்களுக்குப் பட்டறை நடத்தினார். பட்டறை என்றால் பேச்சு இல்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அதுதான் கடை கவுண்டர் என்று வைத்துக்கொள்வார்கள். பாதிப் பேர் உட்காருவார்கள், மீதிப் பேர் ரவுடிகள். கூட்டாளியின் முடியைப் பிடித்து இழுக்க வேண்டும், முகத்தில் சிகரெட் புகையை விட வேண்டும், வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர் திரும்பி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தாங்க மாட்டேன் என்று தோன்றுபவர், வெளியே வேறு வேலை பார்க்கலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. 1959 கடைசியில் இரண்டு பெரிய கடைகளில் வெள்ளோட்டமும் பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள், “உங்களுக்குப் பரிமாற மாட்டோம்” என்பதைக் கேட்டுக்கொண்டார்கள், மேலாளரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

1960 பிப்ரவரியில் நிஜமாகவே உட்கார ஆரம்பித்தார்கள். 27-ல் அடி விழுந்தபோது போலீஸ் பிடித்தது அடித்தவர்களை இல்லை, உட்கார்ந்தவர்களை. ஒரு வரிசையை வேனில் ஏற்றியதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. ஈஸ்டர் வரும் நேரத்தில் கறுப்பின மக்கள் டவுன் கடைகளில் துணி எடுப்பதையே நிறுத்தினார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் தி. நகரில் பாதிக் கூட்டம் வராமல் போனால் எப்படி இருக்கும், அப்படி. ஏப்ரல் 19-ல் மாணவர்களின் வழக்கறிஞர் வீட்டில் குண்டு வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். அங்கே டயான் நாஷ் என்ற மாணவி, நிறம் பார்த்து ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறீர்களா என்று மேயரிடமே நேராகக் கேட்டார். கூட்டத்தின் முன்னால் மேயர் ஆமாம் என்றார். மே 10-ல் ஆறு கடைகள் கவுண்டரைத் திறந்துவிட்டன.

இதில் நான் பார்ப்பது இரண்டு விஷயம். உட்கார்ந்த இடம், கேட்டதைக் கொடுக்கக்கூடியவன் மடியில் இருந்தது. கடைக்காரன் நினைத்தால் கொடுக்கலாம், கொடுக்காத ஒவ்வொரு நாளும் கல்லாவில் அடி விழும். அப்புறம், எழுந்து போனவர்களின் இடத்தில் உட்கார ஆள் இருந்தது.

நம் ஊரிலும் இதே கணக்குதான். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் கேட்டது ஒரு சட்டத் திருத்தம். மாநில அரசும் மத்திய அரசும் மனது வைத்தால் இரண்டு நாளில் முடியும். 21-ல் அவசரச் சட்டம் வந்தது, 23-ல் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. அதே 23 காலையில் போலீஸ் கடற்கரையைக் காலி செய்த விதமும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே வருடம் நீட் தேர்வுக்கு எதிராகவும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோபம் குறைவில்லை. சட்டமன்றம் மசோதாவே நிறைவேற்றியிருந்தது. ஆனால் சாவி இருந்த இடம் டெல்லி, இவர்கள் உட்கார்ந்திருந்த தெருவிலிருந்து அது கைக்கு எட்டவில்லை.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் படிக்கும்போது விடுதி மெஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். ஏழு பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தோம். முதல் நாள் இருநூறு பேர் சுற்றி நின்று கோஷம் போட்டார்கள். இரண்டாம் நாள் நாற்பது பேர். மூன்றாம் நாள் சாயங்காலம் சாமியானாக்காரர் வாடகை நாற்காலிகளை எடுக்க வந்தபோது, மடக்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. பட்டினி கிடந்த நாங்களே மடக்கிக் கொடுத்தோம். நிர்வாகம் ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தது. எலுமிச்சைச் சாறு குடித்து முடித்துக்கொண்டோம். கட்டணம் ஒரு ரூபாய் குறையவில்லை. பிறகு அறை அறையாகப் பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிப் பேருக்கு மெஸ் கட்டணம் உதவித்தொகையில் கழிந்துவிடுகிறது. அவர்களுக்குக் கோபம் ஞாயிறு ராத்திரி சாப்பாடு போடாததில். அதை நாங்கள் கேட்கவே இல்லை.

இன்னொன்று, பெரியவர்கள் சொன்னால் பயமுறுத்துகிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று விழுந்தால், பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அது பல்லைக் காட்டும். அந்த இருபது பேரில் பாதிக்கு மேல் வீட்டில் முதல் பட்டதாரிகள். யார் உட்காருவது, யார் வெளியே நின்று வக்கீலுக்குப் போன் செய்வது என்பதை முந்தின நாளே பேசி முடிவெடுக்காத குழு உட்காரவே கூடாது.

படிப்பது, பேசுவது

வாசிப்பு வட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேண்டும்தான். ஆனால் ஏற்கெனவே நம்பிக்கை உள்ள எட்டுப் பேரை இன்னும் தீவிரமாக நம்பவைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஒன்பதாவது ஆள் வந்தால் அரை மணியில் ஓடிவிடுவார். எங்கள் வட்டத்தில் ஒரு சிறு நூலை முடிக்க ஏழு வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் முன்னுரை.

இதற்கு ஒரு நல்ல அண்ணன் உண்டு. 1965-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்து ஆசிரியர்கள் ஒருநாள் வகுப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மாநில ஆளுநர் முதல் எல்லாரும் பாய்ந்தார்கள். சரி, வகுப்பை நிறுத்தவில்லை, ராத்திரி முழுக்க வகுப்பு எடுக்கிறோம் என்று மாற்றிக்கொண்டார்கள். மார்ச் 24 இரவு ஏறக்குறைய 3,000 பேர் வந்தார்கள். நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்து அரங்கைக் காலி செய்யச் சொன்னபோது, குளிரில் வெளியே நின்று பேச்சைத் தொடர்ந்தார்கள். மாதிரி பிடித்துப்போய் பல கல்லூரிகள் அதையே செய்தன. போரை ஆதரிப்பவன்கூட ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாமே என்று வந்து உட்காரலாம் என்பது இதன் பலம். வகுப்பைப் புறக்கணிக்கச் சொன்னால் அவன் எதிரி. வகுப்புக்கு வரச் சொன்னால் விருந்தாளி.

ஆசிரியர்கள் நாலு பேராவது கூட இருந்தால்தான் இது நடக்கும். தம்பியின் கல்லூரியில் ஒருவர் இருக்கிறாராம், அவரும் ஒப்பந்தப் பணியாளர். அவரை இழுத்துவிட வேண்டாம் என்றேன்.

கதவைத் தட்டுவது

1960 கோடையில் பாப் மோசஸ் என்ற நியூயார்க் கணக்கு வாத்தியார், கறுப்பின மக்களைப் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலிலேயே சேர்க்காத மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார். ‘ஸ்நிக்’ என்று அழைக்கப்பட்ட மாணவர் குழு அப்போதுதான், அந்த ஏப்ரலில், எலா பேக்கர் என்ற மூத்த அமைப்பாளரின் முயற்சியால் உருவாகியிருந்தது. மாணவர்களின் மனசெல்லாம் சாப்பாட்டு கவுண்டரில். மோசஸ் போய்ச் சேர்ந்தது கிளீவ்லாந்து என்ற சிற்றூரில், ஏம்ஸி மூர் என்ற தபால் அலுவலக ஊழியர் வீட்டில். மூர் உலகப் போருக்குப் போய்வந்தவர், பல வருடமாக அங்கே ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர். கவுண்டரில் உட்காருவதில் அவருக்கு ஆர்வமே இல்லை. அங்கே சாப்பிட எங்கள் ஆட்களிடம் காசு எங்கே இருக்கிறது, எங்களுக்கு ஓட்டு வேண்டும் என்பது அவர் நிலை. மோசஸ் கேட்டுக்கொண்டார். ஸ்நிக்கின் மிசிசிப்பி வேலை முழுவதும் அந்த வீட்டுப் பேச்சிலிருந்து வளர்ந்தது. எங்கள் மெஸ் போராட்டத்தில் விட்டுப்போன இடம் இதுதான்.

மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊருக்கு 1962-ல் சாம் பிளாக் என்ற இளைஞர் தனியாகப் போனார். போனதும் கூட்டம் போடவில்லை. துணி வெளுக்கும் இடம், பில்லியர்ட்ஸ் கூடம், மளிகைக் கடை வாசல் என்று உட்கார்ந்து, மக்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்று காது கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் உள்ளூர் நிர்வாகம், ஏழைகளுக்குப் போய்க்கொண்டிருந்த மத்திய அரசின் இலவச உணவுப் பொருளை நிறுத்தியது. வாக்காளராகப் பெயர் பதிவு செய்ய வேண்டும் என்று திரிகிறவர்களுக்குத் தண்டனை. மாணவர்கள் வடக்கிலிருந்து லாரி லாரியாக உணவுப் பொருள், துணி வரவழைத்து விநியோகித்தார்கள். வரிசையில் நின்றவர்களிடம்தான் பேச்சு தொடங்கியது. ஓட்டுக்கும் சோற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்க அதன் பிறகு எந்தத் துண்டறிக்கையும் தேவைப்படவில்லை, எதிராளியே விளக்கிவிட்டான்.

ரூல்வில் என்ற ஊரில் 1962 ஆகஸ்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்கு ஃபேனி லூ ஹேமர் வந்தார். 44 வயது, பருத்தித் தோட்டத்தில் கணக்குப் பார்ப்பவர், வீட்டில் இருபதாவது பிள்ளை. கறுப்பர்கள் ஓட்டுப் போட முடியும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும் என்று பிறகு பலமுறை சொன்னார். அந்த மாதம் 31-ல் பதினெட்டுப் பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியானோலாவுக்குப் பதிவு செய்யப் போனார்கள். மாநிலச் சாசனத்தின் ஒரு பிரிவை எடுத்துக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள், தேறவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸை மடக்கி, ‘நிறம் ரொம்ப மஞ்சளாக இருக்கிறது’ என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். பயத்தில் எல்லாரும் உறைந்திருந்த அந்த பஸ்ஸில் ஹேமர் பாட ஆரம்பித்தார். அன்றிரவே தோட்டத்து வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். இரண்டு வருடம் கழித்து, 1964 ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் கொடுத்த சாட்சியத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவரை ஸ்நிக் மாணவர்கள் உருவாக்கினார்கள் என்று சொல்வது தப்பு. அவர் இருந்த இடத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். அவ்வளவைச் செய்யவே எத்தனை கதவு தட்ட வேண்டியிருந்தது.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். 1961 செப்டம்பரில் ஹெர்பர்ட் லீ என்ற விவசாயியை ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரே சுட்டுக் கொன்றார். 1964 கோடையில் வடக்கிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் தொண்டர்கள் வந்தபோது, ஜூன் 21-ல் மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோடையில் சுமார் 17,000 பேர் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவை சுமார் 1,600. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் படுதோல்வி. ஆனால் 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது அதைப் பயன்படுத்தத் தயாராக ஊர் ஊராக ஆட்கள் இருந்தார்கள். மிசிசிப்பியில் பதிவு செய்த கறுப்பின வாக்காளர்கள் 1964-ல் 6.7 சதவீதம், 1967-ல் 59.8.

ஒரு சின்ன விஷயமும் அந்தக் கோடையில் நடந்தது, எனக்கு அது பெரிய விஷயம். வந்த தொண்டர்கள் பெரும்பாலும் நல்ல கல்லூரிப் பிள்ளைகள், மடமடவென்று டைப் அடிப்பார்கள். அதுவரை தட்டுத் தடுமாறி நோட்டீஸ் தயாரித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். நோட்டீஸ் அழகாக வந்தது. அதைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டிருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். தம்பியின் குழுவில் ஒரு பையன் கேன்வாவில் பிரமாதமாகப் போஸ்டர் செய்வான் என்றபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

பேசினால் மனம் மாறுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2014-ல் சயின்ஸ் இதழில், ஒரே ஒரு உரையாடல் மனதை நெடுநாளைக்கு மாற்றிவிடுகிறது என்று ஒரு ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. தரவுகளே ஜோடனை என்று தெரிந்து மறு வருடமே திரும்பப் பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், குட்டை உடைத்தவர்களில் இருவர், டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும், மயாமியில் அதையே ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். திருநர் உரிமை பற்றி வாசலில் நின்று பத்து நிமிடம் பேச்சு. வாதம் இல்லை, உங்களை யாராவது தப்பாக எடைபோட்ட அனுபவம் உண்டா என்று கேட்டு, அவர் சொல்வதை முழுசாகக் கேட்பது. வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் அது நின்றது. 2016-ல் அதே இதழில் வந்தது.

பஸ் விஷயத்தில் யாருடைய மனதை மாற்ற வேண்டும் என்று தம்பியிடம் கேட்டேன். “டெப்போ மேனேஜர்” என்றான் உடனே. நான் ஒரு காலத்தில் லைன் வீடுகளில் கையெழுத்து வாங்கப் போனவள். ஒரு அப்பா திண்ணையில் உட்கார்ந்து பீடிக் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: “பஸ் இல்லைன்னாதான்மா எங்களுக்கு நல்லது. இருந்தா லைப்ரரின்னு சொல்லிட்டு இருட்டுன பிறகு வருவா.” பின்னால் கதவோரம் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவரிடம் பெண் கல்வி பற்றிப் பதினைந்து நிமிடம் பொரிந்து தள்ளினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நான் கிளம்பட்டும் என்று. எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு நிம்மதி, தெருவிளக்கு எரியுமா, ஸ்டாப்பிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் கோரிக்கைக்கு முதல் எதிர்ப்பு டெப்போவில் இல்லை, அந்தத் திண்ணையில் இருக்கிறது என்றேன்.

ரீல்

எடுங்கள். தலைக்கு ஒரு போன் இருக்கிறது, ஏன் விட வேண்டும். மெரினாவுக்கு முதலில் ஆளைக் கூட்டியது வாட்ஸ்அப்பும் முகநூலும்தான். ஆனால் பார்த்தவர்களின் பெயர், தெரு, போன் எண் எதுவும் உங்கள் கையில் இருக்காது. வெள்ளிக்கிழமை டெப்போவுக்குப் போக முப்பது பேர் வேண்டும் என்றால் ஒரு லட்சம் பார்வையிலிருந்து முப்பது பேரை எப்படிப் பிடிப்பது? நம்மைப் பார்க்கிறார்கள் என்ற போதை வேறு ஆபத்து. எஸ்.டி.எஸ். 1969-ல் உடைந்தபோது அதிலிருந்து கிளம்பிய வெதர்மன் கோஷ்டி, அக்டோபரில் சிகாகோ தெருக்களில் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரண்டு மோதப்போவதாக அறிவித்தது. வந்தது சில நூறு பேர், தலையில் ஹெல்மெட்டோடு. அடுத்த மார்ச்சில் நியூயார்க் வீடொன்றில் குண்டு செய்யும்போது அது வெடித்துத் தங்கள் ஆட்களே மூன்று பேர் செத்தார்கள். கூட்டம் சுருங்கச் சுருங்கக் காட்சி பெரிதானது.

எதை முதலில்

நாளைக் காலையில் யாரையோ கல்லூரியை விட்டு நீக்கப்போகிறார்கள், ஒரு குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள் என்றால் கதவு தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, போய் உட்கார வேண்டியதுதான். பஸ் அப்படி இல்லை. அது போன வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இருக்காது.

அதனால் கதவிலிருந்து தொடங்கு என்றேன். கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபது பேர், பத்து ஜோடி. சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஜோடிக்கு ஆறு வீடு. எட்டு சனிக்கிழமையில் 480 வீடு. பாதிப் பேர் டிமிக்கி கொடுப்பார்கள், 240 என்று வை. ஜோடியில் ஒருவராவது அந்தக் கிராமத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. பெயர், தெரு, அவர் சொன்னது, அவர் செய்வதாக ஒப்புக்கொண்டது. நீ சொன்னதை எழுதாதே.

அக்டோபர் 2-ல் கிராம சபை வரும். அங்கே எழுந்து பேசி மாலை பஸ்ஸுக்குத் தீர்மானம் போடச் சொல்ல வேண்டியது அந்த ஊர் வாக்காளர்கள். வெளியூர் மாணவன் ஓரமாக நிற்க மட்டும்தான் முடியும். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வலுவான மக்களுக்கு வலுவான தலைவர் தேவையில்லை என்று எலா பேக்கர் சொன்னதை நம் பஞ்சாயத்துச் சட்டம் தெரியாமலே அமல்படுத்துகிறது. ஐந்து ஊர்த் தீர்மானங்களோடு டெப்போவுக்குப் போனால் மேலாளர் முகம் வேறு மாதிரி இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால், ஜனவரிக்கு மேல், நாற்காலி போட்டு ஒத்திகை பார்த்துவிட்டு உட்காரலாம். அப்போது மூன்றாம் நாள் சாமியானா நாற்காலியை மடக்க ஆள் இருக்கும்.

“இதெல்லாம் புரட்சியா அக்கா” என்று திரும்பவும் இழுத்தான். 1964 அக்டோபர் 1-ல் பெர்க்லி வளாகத்தில் போலீஸ் காரை மாணவர்கள் 32 மணி நேரம் நகரவிடாமல் சுற்றி உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அதன் கூரையில் ஏறிப் பேசிய மாரியோ சாவியோ, கார் கெடக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அந்தக் கோடையை அவர் மிசிசிப்பியில், கதவு தட்டிக் கழித்திருந்தார். அப்புறம் நம் கதையும் ஒன்று: 1965 மொழிப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், 1967-ல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார். வித்தியாசம் 1,285 ஓட்டு. அது சில தெருக்களின் கணக்கு.

போன ஞாயிறு அவன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். முதல் சனிக்கிழமை ஏழு பேர்தான் வந்தார்களாம். பதினொரு வீடு. ஒரு பாட்டி பஸ்ஸைப் பற்றிப் பேசவே இல்லையாம். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று மூன்று மாதமாக அரிசி தராததையே முக்கால் மணி நேரம் சொன்னாராம். “அத எந்த நோட்டுல அக்கா எழுதுறது?”

அதே நோட்டில், என்று பதில் போட்டேன்.